உடன்சாட்சி

வெயில் ஏறுவதற்குள் ருக்சானா புதர் மறைவில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஃபிலிம் கேமரா மடியில் கனத்தது. பக்கத்தில் நாகவள்ளி கொட்டாவி விட்டாள். மாசி முழுவதும் இருவரும் இப்படித்தான் கிண்டிப் பூங்காவில் காத்துக்கிடந்தார்கள். மான்கள் இணைசேரும் பருவம் இன்றோடு முடிகிறது.

புல்வெளியில் வெளிமான்கள் சுருண்டு படுத்திருந்தன. விடிந்ததுமே தொடங்கிவிட்ட வெக்கையில் ஆண்மான்களுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"இன்னிக்காவது முட்டிக்குமாக்கா?"

"முட்டிக்கக் கூடாதுன்னுதானே வேண்டிக்கிற?"

"வேற இன்னாத்த வேண்டிக்கிறது?" என்றாள் நாகவள்ளி. அவள் குரலில் கோபமில்லை.

இயந்திரங்கள் வரைந்து தள்ளிய புனைபடங்கள் பெருகி, எந்தப் படத்தையும் யாரும் நம்பாமல் போனபின் வந்தது சாட்சிப்படச் சட்டம். படம் எடுப்பவர் அருகே, அந்தப் படத்தால் நட்டப்படப்போகிற ஒருவர் உடன்சாட்சியாக இருக்க வேண்டும். 'கண்ணால் கண்டேன்' என்று அவர் சொன்னால்தான் படம் செல்லும்.

மான்கள் இன்னும் இங்கே இயல்பாக இனம் பெருக்குகின்றன என்பதற்கு ஆதாரமாக, ஆண்மான்கள் துணைக்காக மோதும் சாட்சிப்படம் ஒன்று கிடைத்தால் கிண்டி இன்னொரு வருடம் காடாக இருக்கும். இல்லையென்றால் மான்கள் லாரியில் ஏறிக் காப்பகம் போகும். நிலம், கடல் விழுங்கிய எண்ணூரின் மக்களுக்கு வீடாகும். நாகவள்ளி எண்ணூர்க்காரி. கணவனோடும் மகளோடும் ஒரு கல்யாண மண்டபத்தில், புடவை கட்டி மறைத்த மூலையில் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

ருக்சானா எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அக்கா! அக்கா, அங்க பாரேன்!"

கரிய ஆண்மான்கள் இரண்டு, முறுக்கிய கொம்புகளைப் பின்னி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. கொம்போடு கொம்பு மோதும் சத்தம் மரக்கட்டை பிளப்பதுபோல் கேட்டது. புழுதி எழுந்தது. யோசிப்பதற்கு முன்பே ருக்சானாவின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. தோற்ற மான் நொண்டிக்கொண்டே புதருக்குள் ஓடியது.

நாகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன்க்கா உன்ன எழுப்புனேன்?"

ருக்சானா கேமராவைத் தாழ்த்த, நாகவள்ளி அதன் பின்மூடியைத் தொட்டாள்.

"இந்த மூடியத் தொறந்தா படம் போயிடுமா?"

"வெளிச்சம் பட்டா போயிடும்."

இத்தனை வருடம் இந்த மான்களுக்காக எத்தனையோ பேரிடம் மன்றாடியாயிற்று. இவளிடமும் மன்றாட ருக்சானாவுக்குச் சக்தியில்லை. உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. கேமராவை நாகவள்ளியின் மடியில் வைத்தாள்.

"முகம் கழுவிட்டு வரேன்."

குழாயடியில் வேண்டுமென்றே தாமதித்தாள். திரும்பி வந்தபோது கேமரா மூடியபடியே இருந்தது. நாகவள்ளி போனில் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாக்கலைன்னு சொல்லிடு புள்ள. யாருக்குத் தெரியப்போவுது?" அவன் குரல் வெளியே கேட்டது.

"நம்ம தெருவுல கடல் பூந்தப்ப எத்தினி படம் அனுப்புனோம்? ஒருத்தன் நம்புனானா? பொய்ப்படம்னு சிரிச்சாங்க. எங்கம்மா அன்னிக்குத்தான்யா போச்சு." அவள் குரல் தணிந்தது. "நான் கண்ணால பாத்துட்டேன். பாக்கலைன்னு எப்பிடிய்யா சொல்றது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பூங்கா அலுவலகத்தில் நாகவள்ளி நிமிர்ந்து நின்று சாட்சி சொன்னாள். வெளியே வந்ததும் வாசல் படியில் தளர்ந்து உட்கார்ந்தாள்.

"மண்டபத்துக்கு நானும் வரேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றேன்," என்றாள் ருக்சானா.

"வேணாங்க்கா. நீ வந்தா, நீதான் என்ன விலைக்கு வாங்கிட்டன்னு சொல்வாங்க."

பஸ் வந்தது. கூட்டமே இல்லை. ஆனாலும் நாகவள்ளி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டே போனாள்.