மூன்று கையெழுத்துக் கவசம்

கவசங்களைச் சோதிக்கும் பொறியாளர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் அடி. உயிர் போய் ஒரு மணி நேரம்!

சோதனைக்கூடத்தின் மறுகோடியில் ஒரு பொம்மை, குண்டு துளைக்காத கவசத்தோடு நின்றது. புத்தம் புதுசு. ஒரு கீறல் இல்லை.

பெண் இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கடியில் ஏதோ உருண்டது...

காலித் தோட்டா!

"ஏட்டய்யா, சுட்டுப் பாத்திருக்காங்க. சுட்ட கவசம் எங்க?"

"அதைத்தான் காணோம் மேடம். மிச்சம் ஆயிரம் கவசம் லாரியில ஏறியாச்சு. பன்னெண்டுக்குக் கிளம்புது... உங்க தம்பி இருக்கற முகாமுக்கு!"

மணி பதினொன்று.

மாநாட்டு அறையில் மூன்று நட்பு நாடுகள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தன. தகடு செய்யும் நாட்டுக்காரர். துணி நெய்யும் நாட்டுக்காரர். தோள் வார்ப்பட்டை தைத்துக் கொடுக்கும் உள்நாட்டுக் கர்னல்.

"என் தம்பி போடப்போற கவசம். யாரு சுட்டுப் பாத்தீங்க?"

"துணிக்காரர் பாத்திருப்பார்," என்றார் தகடு.

"நானா? கர்னல் பாத்தார்னு நினைச்சேனே!" என்றார் துணி.

"ஒரு நாடு சோதிச்சா மத்த நாடு ஏத்துக்கணும். அதாம்மா ஒப்பந்தம்," கர்னல் சிரித்தார். "நான் இவங்களை நம்பினேன். கவலைப்படாதே, உன் தம்பி எனக்கும் தம்பி."

'பாஸ்' என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் சுட்டுப் பார்க்கவில்லை!



"செத்தவர் சுட்டுப் பாத்தாரா?"

"சோதனையே நடக்கலம்மா!" என்றார் கர்னல்.

லாரியிலிருந்து எடுத்த மூன்று கவசங்கள் மேஜைமேல் விழுந்தன. அவள் கையில் சோதனைக்கூடத் துப்பாக்கி!

"மாட்டுங்க. ஆளுக்கு ஒரு குண்டு."

தகடு முறைத்துக்கொண்டே மாட்டினார். "பாஸான சரக்குதானே!" என்று துணி தொப்பையை எக்கினார்.

கர்னல்...?

கதவை நோக்கி நழுவினார்!

"ஏன் சார், இது தாங்காதுன்னு எப்படித் தெரியும்? சோதனையைப் பாத்தவனுக்குத்தானே தெரியும்!"

அதற்குள் ஏட்டு ஓடி வந்தார். கையில் ஓட்டை விழுந்த கவசம்.

"கர்னல் கார் டிக்கியில இருந்துச்சு மேடம்!"

கர்னலுக்கு வியர்த்தது. "ஊரைக் கூட்டுவேன்னான்மா அந்தாளு... ஒத்த ஓட்டைக்காக மூணு நாட்டு நட்பை முறிக்கச் சொல்றியா?"

க்ளிக்! விலங்கு.

தகடும் துணியும் அலறிக்கொண்டு கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள்.

"லாரியை நிறுத்துங்க!"

"நிறுத்தவும் மூணு கையெழுத்து வேணுமே," தகடு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். "கர்னல் கைதாயிட்டார். புது ஆளைப் போட்டு, அடுத்த மாசம் கூட்டம் கூட்டி..."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு!

அவள் பேனாவைக் கர்னல் முன் உருட்டினாள்.

"இடது கைக்கு மட்டும்தான் சார் விலங்கு. வலது கை இன்னும் கூட்டணியிலதான் இருக்கு. என்ன சொல்றீங்க... கையெழுத்துப் போடறீங்களா, கவசம் போடறீங்களா?"