வட்டம் போடாத கிணறு

தண்ணீரில் லேசாக நாற்றம் அடித்தது. மழைக்காலத்தில் எந்தக் கிணற்றிலும் கொஞ்சம் மண்வாசம் ஏறும்தான், ஆனால் இது மண் இல்லை. ஈரச் சாக்கை வாரக்கணக்கில் மூடி வைத்துத் திறந்தால் வரும் வாடை. அக்கா டம்ளரை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டாள். எதிரே தங்கை மகள் தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, இன்னொன்று கேட்டாள்.

இந்த வாடை அக்காவுக்கு அத்துப்படி. நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேற்றை வயலில் உரமாகப் பரப்ப யாராவது விண்ணப்பித்தால், அவள்தான் நேரில் போய்ப் பார்த்து அனுமதிக்கு எழுத வேண்டும். பக்கத்தில் குடிநீர்க் கிணறு எங்கே இருந்தாலும் வரைபடத்தில் நீல வட்டம் போட வேண்டும். வட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் ஒரு கூடைச் சேறுகூட விழக் கூடாது. மேலதிகாரிகள் வயலைப் பார்ப்பதில்லை, வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். வட்டம் இல்லையென்றால் கிணறு இல்லை.

இந்த வீட்டுக் கிணற்றுக்கு அவள் வட்டம் போடவில்லை.

மறதி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. இந்த வீடு விலைக்கு வந்ததை முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்து, தன் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான தண்ணீரைப் பார்த்ததில்லை என்று தங்கையிடம் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டவளும் அவள்தான். அவள் லீவு போட்டுப் பழைய பத்திரங்களைத் தேடி அலைந்த வாரத்தில், தங்கையும் மாப்பிள்ளையும் வந்து பேசி முடித்துவிட்டார்கள். "நீ ஒண்டிக்கட்ட. உனக்கு எதுக்குக்கா இவ்ளோ பெரிய வீடு?" என்று தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான்கு வருஷமாக அக்காவின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டை ஒட்டிய வயல்காரரின் விண்ணப்பம் மேசைக்கு வந்த அன்று, நீலப் பேனா அந்த இடத்துக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டாள்.

சேறு கொட்டி மூன்று வாரமாகிறது. மழையும் விடாமல் அடித்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும், குழந்தை பிழைத்தால் சரி, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இன்று கிளம்பி வந்திருந்தாள்.

ஆனால் யாருக்கும் காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. முதுகு வலியென்று கட்டிலே கதியாகக் கிடந்த மாப்பிள்ளை, நனைந்துகொண்டு கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். தங்கை பத்து வயது குறைந்தவள் போல மினுமினுத்தாள். பயந்து வந்த இடத்திலும் பொறாமை முந்திக்கொண்டது. விஷத்தைக் குடித்தால்கூட இவளுக்கு அழகுதான் கூடுமா?

மின்சாரம் இல்லை. மழை இருட்டு நாலு மணிக்கே கூடத்துக்குள் நுழைந்து, மூலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. ராட்டினம் கிறீச்சிட்டது, குடம் நிரம்பியது, டம்ளர் முங்கியது, மூன்று தொண்டைகள் மடக் மடக்கென்று விழுங்கின. மறுபடி ராட்டினம் கிறீச்சிட்டது. நடுவில் யாரும் பேசவில்லை. அக்கா வந்ததிலிருந்து இது நான்காவது குடம்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், தண்ணீரில் வாடை வரவில்லையா என்று கேட்டாள். இல்லையே, முன்னைக்கு இப்போது இனிக்கிறது என்றாள் தங்கை. அவள் வாயிலிருந்தும் அதே வாடை வந்தது.

ஐந்தாவது குடம் வந்தது.

"போதும். குடிக்காதீங்க. அந்தச் சேறு... கிணத்துக்கு நான் வட்டம் போடல. வேணும்னுதான் போடல."

விழுங்கும் சத்தம் நின்றது. கூரையில் மழை.

"தெரியும்க்கா," என்றாள் தங்கை. "அனுமதிக் காகிதத்த வயல்காரர் அன்னிக்கே கொண்டுவந்து காட்டினாரு. அதுல உன் கையெழுத்து இருந்துச்சு, நம்ம கிணறு இல்ல."

"அப்புறம் ஏன்டி குடிக்கிறீங்க?"

"முதல் நாள் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. நீ இன்னும் குடிக்கல, அதான் உனக்குப் புரியல."

கோபம் இல்லை. திட்டு இல்லை. மூன்று பேரும் குடத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள், முழங்காலோடு முழங்கால் இடிக்க. குழந்தை அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். அக்கா ஒருத்தி அங்கே நிற்பதே அவர்களுக்கு நினைவில்லை. எப்போதும் போல. இந்த வீட்டில் எப்போதும் போல.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

கையில் டம்ளர் இருந்தது. மூச்சை அடக்கினாள். குடித்தாள்.

நாற்றம் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. இனித்தது. தொண்டை இன்னும் கேட்டது.

"இன்னும் வேணுமா பெரியம்மா?"

குழந்தை எழுந்து வந்து டம்ளரை வாங்கினாள். பட்ட விரல்கள் சில்லென்று இருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்து, உப்பி, கொழகொழவென்று. நிரப்பிக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். டம்ளரின் வெளிப்பக்கத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. சின்னதாக. மீன் செதில் மாதிரி.

நகம். முழு நகம்.

குழந்தை அதைக் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் விரல்களிலும் நகம் இல்லை. தங்கைக்கு ஒன்றே ஒன்று மிச்சம்.

கத்துவதற்குத்தான் அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு அவள் கை டம்ளரைக் கொண்டுபோனது.

தங்கை சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். மற்ற இருவரும் நகர்ந்தார்கள். குடத்தைச் சுற்றி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டானது. அக்கா குடித்துக்கொண்டே போய் அதில் உட்கார்ந்தாள்.