வேலைக்காட்டு ரேடியோ

பேட்டரி இன்னும் போடவில்லை. அப்படியிருந்தும் அந்த ரேடியோவுக்குள் யாரோ மூச்சு வாங்குவது முருகையாவுக்குக் கேட்டது.

சிரம்பானில் வைரவன் செட்டியாரின் சாமான் கடை. மேசைமேல் மூன்று ரேடியோக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வர ரப்பர் தோட்டத்துத் துரை அவனை அனுப்பியிருந்தார். புக்கிட் பெலண்டோக் பக்கம் காட்டோரத்தில் புதுக்கன்று நட நிலம் திருத்தும் கும்பலுக்கு அவன் மண்டோர், வேலையை மேற்பார்ப்பவன். கும்பலில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். காட்டில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்து சுட, மலாயாவில் அவசரகாலம் தொடங்கி மூன்று வருஷமாகியும் காட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிய அவர்களுக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் ரேடியோ பாடினால் பயம் தெளியும் என்பது துரையின் யோசனை.

"மரப்பெட்டி வேணாம். உங்க தோட்டத்து ஈரத்துக்கு ரெண்டு மாசத்துல வாயப் பொளந்துரும்," என்றார் செட்டியார். "துணி ஒட்டுனது மழைக்கு ஆகாது. இத எடுத்துக்கிருங்க. இரும்புப் பெட்டி, மூலைக்கு மூலை ரப்பர், தோள்ல மாட்டப் பட்டை. லோரிலேருந்து விழுந்தாலும் பாடும்."

"சத்தம் எவ்வளவு தூரத்துக்கு வரும்?"

"கூப்புடு தூரத்துக்கு நல்லாக் கேக்கும்."

முருகையா குனிந்து இரும்புப் பெட்டியின் வலைத்துணியில் காதை வைத்தான். மூச்சு. இழுத்து, நிறுத்தி, வலியோடு விடும் மூச்சு. மேலே தொங்கிய காற்றாடியின் ஓசையாக இருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தான். காற்றாடி சுழலவில்லை.

"இருக்கறதுல இதுதான் சத்தம் அதிகமா?"

"இதுதான்."

"அப்ப இதையே கட்டுங்க."

அவனுக்குச் சத்தம் வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு, இப்போது நிலம் திருத்தும் அதே இடத்தில் பழைய ரப்பர் மரங்கள் நின்றபோது, பால்வெட்டு முடியும் நேரத்தில், காட்டிலிருந்து சுட்டார்கள். எல்லோரும் லோரியை நோக்கி ஓடினார்கள். அவன் மனைவி பஞ்சாலை தொடையில் குண்டு பட்டு லாலான் புல்லுக்குள் விழுந்தாள். "ஏய்யா," என்று கூப்பிட்டாள். "ஏய்யா, எங்கய்யா போற?" அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான். சிப்பாய்கள் வந்தபோது அங்கே ரத்தம் மட்டும் இருந்தது. காட்டுக்காரர்கள் தூக்கிப் போய்விட்டார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். பஞ்சாலை எங்கே விழுந்தாள் என்றே தனக்குத் தெரியாது, அவள் குரலே கேட்கவில்லை என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அன்றிலிருந்து சுற்றிலும் ஓசை அடங்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்டது.

மறுநாள் காலை வேலைக்காட்டில் ரேடியோவை ஒரு மரக்கட்டைமேல் வைத்துப் பாட விட்டான். பாட்டு வெட்டவெளி முழுதும் பரவியது. வெட்டிய மரங்களின் புளித்த வாடைக்கும் எரிந்த புல்லின் புகைக்கும் நடுவே பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று சோற்றைக் கம்பி வேலிக்கு வெளியே கொண்டுவரத் தடை என்பதால் வரக்காப்பியை மட்டும் குடித்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள். பஞ்சாலையின் தங்கை ராக்கம்மாவும் அந்தக் கும்பலில் இருந்தாள். அக்காள் போனபின் அவள் சிரித்து முருகையா பார்த்தது அன்றைக்குத்தான்.

"நல்ல ரேடியோலா மாமா," என்றாள். "அக்கா இருந்திருந்தா ஆடியிருக்கும்."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மதியம் மழை கட்டியது. காட்டின் மேலிருந்து இருட்டு மெல்ல இறங்கி, கட்டைகளின் நிழல்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. சில்வண்டுகள் ஓய்ந்தன. பாட்டு தேய்ந்து கரகரத்து நின்றது. அந்தக் கரகரப்புக்குள் மூச்சு.

முருகையா குமிழைத் திருப்பினான். மூச்சு இன்னும் பெரிதானது.

"ஏய்யா."

மண்வெட்டிகள் நின்றன. கேட்டது அவனுக்கு மட்டுமல்ல. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏய்யா, எங்கய்யா போற?"

ராக்கம்மா எழுந்து ரேடியோவின் அருகே வந்தாள்.

"அக்கா குரலு," என்றாள். பிறகு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "மாமா... அன்னிக்கு அக்கா கூப்டுச்சா?"

அவன் குமிழை மறுபடி திருப்பினான்.

"சொல்லு மாமா. கூப்டுச்சா?"

"கூப்டா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ராக்கம்மா. பார்த்தேன். ஓடிட்டேன்."

அவள் குனிந்து ரேடியோவை நிறுத்தினாள். பின்புற மூடியைக் கழற்றிப் பேட்டரியை உருவிப் புல்லில் போட்டாள்.

"ஏய்யா."

இப்போது குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. காட்டோரத்து ஓடைப்பள்ளத்திலிருந்து வந்தது.

பெண்கள் ரோட்டை நோக்கி ஓடினார்கள். ராக்கம்மா மட்டும் நின்றாள். முருகையாவின் கால்களும் ரோட்டுப் பக்கம்தான் திரும்பின. ஓரடி வைத்தான். நின்றான். பிறகு பள்ளத்தை நோக்கி நடந்தான்.

முதல் மழைத்துளி. புல். ஈர மண்ணின் வாடை, அதன் அடியில் வேறொரு வாடை. பள்ளத்தின் சரிவில், மண் சரிந்து மூடிய இடத்தில், முழங்கை அளவுக்கு ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பு. அதில் பஞ்சாலையின் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

அவளை யாரும் தூக்கிப் போகவில்லை. தண்ணீருக்காக ஊர்ந்து வந்திருக்கிறாள். சரிவில் விழுந்து, மேலே ஏற முயன்றிருக்கிறாள். அந்தக் கை ரோட்டைப் பார்த்து, அவன் ஓடிய திசையைப் பார்த்து நீண்டிருந்தது. அன்று லோரி நின்ற இடம் அங்கிருந்து நாற்பதடிகூட இல்லை.

முருகையா மண்டியிட்டான். அந்த எலும்புக் கையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதான்.

"வந்துட்டேன் பஞ்சாலை. வந்துட்டேன்."

மூச்சு நின்றது. மழைகூட நின்றதுபோல் இருந்தது.

விரல்கள் மடங்கின. ஒன்று. இன்னொன்று. அவன் மணிக்கட்டைச் சுற்றி, இறுக்கமாக.

"மாமா! கையை விடு மாமா!" மேலே ராக்கம்மா அலறினாள்.

அவன் விடவில்லை. விட்டிருந்தாலும் அந்தக் கை விடாது. மண் மெல்ல நெகிழ்ந்தது. அவன் கை முழங்கை வரை உள்ளே போனது. தோள் வரை. கன்னம் ஈர மண்ணில் அழுந்தியது. அடியில், மிக அருகில், அவள் வாய் அவன் காதைத் தேடித் தேடி மண்ணைத் தின்றுகொண்டு வந்தது.