நான்கு மணியிலிருந்து ஏழரை வரை

நாங்கள் குடிவந்த வீட்டுக்கு ஒரே ஒரு கதவுதான். ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி அடுக்கி வைக்கும் இரண்டு குடோன்களுக்கு நடுவில் இருந்தது அது. சாவியைக் கொடுத்தபோது வீட்டுக்காரர், "இங்க சத்தமே இருக்காதும்மா. பகல்ல ஒறங்குறவங்களுக்குத் தோதான வீடு" என்றார். மில்லில் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்த எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

என் மகள் அனுக்ரஹா எல்.கே.ஜி. படிக்கிறாள். பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளி விட்டுவிடும். பிறகு அவளை யார் பார்ப்பது என்றுதான் நான் இரவு வேலையைக் கேட்டேன். இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை. என் கணவர் பாண்டிச்செல்வத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் அடுப்படி வேலை. ராத்திரி அவர் பிள்ளையோடு இருப்பார். ஏழரைக்கு மில் பஸ் என்னை இறக்கிவிட்டதும் அவர் கிளம்புவார்.

பதினெட்டு நாள் அப்படி ஓடியது. தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டதால் இனி நாலரைக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார்.

"நாலு மணிக்கு வண்டிய எடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்றார் என் கணவர். "பிள்ள ஏழரைக்கு முன்ன முழிக்க மாட்டா. வெளிய பூட்டிட்டுப் போறேன். ஆளுக்கொரு சாவி இருக்குல்ல."

"முழிச்சிட்டான்னா?"

"இடி விழுந்தாலும் ஒறங்குவா உன் மக. தீபாவளி வரைக்குந்தான வள்ளி."

சரி என்று தலையாட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மில்லில் நான் நூற்கும் மிஷின்கள் மூன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இழை அறுந்த இடத்தில் ஒட்டிவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும், எட்டு மணி நேரமும். மிஷினை நிறுத்தக் கூடாது என்பதால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மிஷின்மேல் கையை வைத்து, "எடுத்துக்கிட்டேன், நீ போ" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை பழைய ஆள் நகரக் கூடாது. மாற்று ஆள் வராவிட்டால் அவள் பாட்டுக்கு வேலையைத் தொடர வேண்டியதுதான். பதினாறு மணி நேரம் நின்றவர்கள் எல்லாம் இருக்கிறார்கள்.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டதும் என் மனசு வீட்டுக்குப் போய்விடும். இப்போது வண்டியை உதைத்திருப்பார். இப்போது பூட்டியிருப்பார். என் விரல்கள் இழையை ஒட்டிக்கொண்டிருக்க, நான் பூட்டிய கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருப்பேன்.

பகலிலும் தூக்கம் இல்லை. அனுவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால், காதுக்குள் மிஷின் ஓடும். கண்ணை மூடினால் வெள்ளை இழைகள். அரைத்தூக்கத்தில் என் விரல்கள் தாமாக எதையோ முறுக்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் கேண்டீன் இடைவேளைதான். ராத்திரி இரண்டு மணிக்கு மாற்று ஆள் போட்டு அரை மணி நேரம் விடுவார்கள். நானும் எதிர் வரிசையில் வேலை பார்க்கும் ஜெபாவும் போனை எடுத்து வைத்துக்கொண்டு கதை படிப்போம். சீரியல் பார்க்கிறவர்கள் தாங்களே எழுதிச் செயலியில் போடுகிற கதைகள். ஒன்பது மணி சீரியலில் கோமளா என்று ஒரு அம்மா வருவாள். நடித்தவள் பாதியில் விலகிவிட்டதால் கோமளாவைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அவளுடைய சின்ன மகன் அழுவதை ஒரே ஒரு நாள் காட்டினார்கள். மறுநாள் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்களால் அப்படிப் போக முடியவில்லை. செயலியில் ஆளாளுக்கு அவளை உயிரோடு எழுப்பினார்கள். ஒரு கதையில் மீனவர்கள் வந்து அவளைக் காப்பாற்றினார்கள்.

"ஏட்டி, கெணத்துக்குள்ள எங்கிட்டு இருந்து வந்தான் மீன்காரன்?" என்று கேட்டுச் சிரித்ததில் ஜெபாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

தூக்கம் வராத ஒரு பகலில் நானும் ஒரு நோட்டில் எழுதினேன். என் கதையில் கோமளா பிழைக்கவில்லை. செத்தவள்தான். ஆனால் அம்மா வேலைக்குப் போன வீடுகளில், விடியற்காலையில் பூட்டிய கதவுக்குள் தனியாகத் தூங்கும் பிள்ளைகளிடம் வருவாள். சேலை ஈரமாக இருக்கும். கிணற்றுச் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கைகள் கிழிந்துபோனதால், பிள்ளையின் கன்னத்தைப் புறங்கையால்தான் தடவுவாள்.

எழுதி முடித்ததும் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். நாலு மணிக்கு இனி என் பிள்ளையோடு ஒருத்தி இருக்கிறாள் என்று மனசை ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. ஜெபா நோட்டைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அவளே டைப் செய்து போட்டாள். ஒரே வாரத்தில் நிறையப் பேர் படித்துவிட்டார்கள். ஒருத்தி கீழே எழுதியிருந்தாள்: "நான் நர்ஸ் அக்கா. எனக்கும் நைட் டூட்டிதான். எங்க வீட்டுக்கும் இவங்கள அனுப்புங்க."

அடுத்த திங்கட்கிழமை பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அனு பாயில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, இரட்டைச் சடை பின்னியிருந்தது. சடை இறுக்கமாக, ஒரு முடி பிசகாமல் இருந்தது.

"அப்பா பின்னிவிட்டாகளா?"

"நீதான பின்னுன" என்றாள். என்னை ஒருமாதிரி பார்த்தாள். "அப்பா போனதும் வந்தேல்ல. மறுபடி எதுக்குக் கதவத் தொறந்து வாரே?"

கனவு என்று நினைத்தேன். சடையை அவர் பின்னியிருப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சடை பின்னத் தெரியாது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பாயின் ஓரத்தில் தரை ஈரமாக இருந்தது. துடைக்கக் குனிந்தபோது பாசி வாடை அடித்தது.

அந்த வாரம் முழுக்க அனு என்னோடு சரியாகப் பேசவில்லை. மத்தியானம் சோறு ஊட்டப் போனால் வாயைத் திறக்காமல், "காலையிலேயே வயிறு நெறஞ்சிருச்சு" என்பாள். எனக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று தள்ளிப் படுப்பாள். வியாழக்கிழமை நான் அசதியில் சுவரோரம் சாய்ந்து கிடந்தேன். அவளே அருகில் வந்தாள். பாவம் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு கையைத் திருப்பி, புறங்கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

நோட்டில் இருந்ததை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

அன்று ராத்திரி கேண்டீனில் ஜெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. டீ டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள்.

"உன் கதைய டைப் பண்ணி நாலு தடவ படிச்சுப் பாத்தவ நான். ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. அவ எப்ப வருவான்னு எழுதிருக்க. எப்ப போவான்னு எழுதலயே."

நோட்டை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லைதான்.

"நீ அவள வேலைக்கு வச்சிட்ட வள்ளி" என்று முணுமுணுத்தாள். "மாத்து ஆளு போடல."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை எழுதிவிடலாம் என்று இருந்தேன். ஒரு பத்தி போதும். அம்மா வருகிறாள், பிள்ளையை எடுத்துக்கொள்கிறாள், கோமளா போகிறாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் ஏறும்போது அந்த வரிகள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

சோழபுரம் தாண்டியதும் பஸ் நின்றது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டது என்றார்கள். டிரைவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார். எட்டு ஆனது. எட்டரை ஆனது. நான் இறங்கி ரோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டேன். வழியில் ஒரு ஆட்டோ கிடைத்து நான் தெருமுனையில் இறங்கியபோது ஒன்பது பத்து.

பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன்.

திறக்கவில்லை.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. எங்கள் கதவில் உள்ளே ஒரே ஒரு தாழ்ப்பாள். அது மேலே, நிலையோடு ஒட்டி இருக்கிறது. நானே எட்டித்தான் போட வேண்டும்.

"அனு."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செம்பில் மொண்டு ஊற்றுகிற சத்தம். பிறகு அனுவின் சிரிப்பு.

"அனு, அம்மா வந்திருக்கேன். கதவத் தொறம்மா."

சிரிப்பு நின்றது. ஈரக்காலோடு அவள் கதவருகே வருவது கேட்டது.

"யாரு?" என்றாள்.

"நாந்தான் கண்ணு. அம்மா."

உள்ளே செம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டுக்கு வந்த வேற்று ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்த மரியாதையோடு, என் பிள்ளை சொன்னாள்:

"அம்மா என்னையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க பொறவு வாங்க."

 கதவை உடைக்கலாம் என்று தோன்றியது. கத்தினால் குடோன் ஆட்கள் வருவார்கள் என்று தோன்றியது. கதவின் அடிவழியே தண்ணீர் கசிந்து என் செருப்பை நனைத்தது. ஐப்பசி வெயிலில் அது சில்லென்று இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. ஆனால் நிற்கிறாள். ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவள் நிற்பதுபோல, மிஷினை விட்டு நகர முடியாமல் நிற்கிறாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் பிடுங்கிக்கொள்ள வரவில்லை. நான் ஒருநாளும் பொறுப்பைத் திரும்ப வாங்கவில்லை.

கதவில் உள்ளங்கையை வைத்தேன். 

"நேரமாயிருச்சு, மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். "எடுத்துக்கிட்டேன். நீங்க போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. குடோனுக்குள் எங்கோ ஒரு புறா சிறகடித்தது.

பிறகு தாழ்ப்பாள் மெல்ல, கிறீச்சிட்டபடி, கீழே இறங்கியது.

அனு தலையில் துண்டு கட்டிக்கொண்டு தனியாக நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அம்மா, அம்மா என்று காலைக் கட்டிக்கொண்டாள். அவள் பின்னால் வீடு முழுக்க ஈரம்.

"தாழ்ப்பா தானா விழுந்திருக்கும்" என்றார் என் கணவர், சாயங்காலம் வந்ததும். பிறகு கதவருகே போய் நின்று தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அது பூட்ட வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். தானாக எதுவும் மேலே ஏறாது. அவர் முகம் கறுத்துவிட்டது. "நீ ராத்திரிக்குப் போவ வேண்டாம் வள்ளி" என்று மட்டும் சொன்னார்.

சூப்பர்வைசர் ஐயாதுரை பகலில் மிஷின் காலி இல்லை என்றார். பேக்கிங்கில்தான் இடம் இருந்தது. நூற்கிறவள் அட்டைப்பெட்டி ஒட்டப் போவது இறக்கம்தான். சரி என்றேன். அனுவைப் பள்ளி விட்டதும் மாலை வரை பார்த்துக்கொள்ள ஜெபாவின் தங்கை இந்து ஒப்புக்கொண்டாள்.

அன்றைக்கே ஜெபாவிடம் சொல்லிக் கதையைச் செயலியிலிருந்து அழித்தேன். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜெபா போன் செய்தாள். "நீ அழிச்சாலும் விடமாட்டேங்காளுக" என்றாள். "உன் கதைய வச்சு வேற பொம்பளைங்க எழுத ஆரம்பிச்சிட்டாளுக. பதினோரு பேரு எழுதுதாளுக. ஒருத்தி கதையிலயும் அவ போறதில்ல."

 அந்தப் பதினோரு பேரும் எங்கே வேலை பார்க்கிறார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பகல் ஷிப்டுக்கு மாறி முதல் ராத்திரி. பல வாரம் கழித்து இருட்டில் படுத்திருந்தேன். உடம்பு பழகவில்லை. புரண்டு புரண்டு படுத்தேன். நாலு மணிக்கு அவர் எழுந்தார். "உள்ள தாழ் போட்டுக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வந்து அனுவைக் கட்டிக்கொண்டு படுத்தேன். இரண்டு கைகளையும் அவளைச் சுற்றிப் பூட்டிக்கொண்டேன். அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. இனி யாரும் வர வேண்டியதில்லை என்று மனசுக்குள் சொன்னேன்.

அனு தூக்கத்திலேயே அசைந்தாள். என்னை ஒட்டி நகர்ந்து, தன் மறுபக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள்.

பாய் மெல்லச் சரசரத்தது.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

காலடியில் கிடந்த போர்வை மேலே ஏறியது. அனுவின் முழங்காலை மூடியது. இடுப்பை மூடியது. தோள்வரை வந்து நின்றது. என் இரண்டு கைகளும் அவளைச் சுற்றியேதான் இருந்தன.

கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு அது இன்னும் சற்று இழுபட்டு, என் தோளையும் மூடியது.