பக்கத்து வீடுகளுக்குப் பால்

முத்தன்கழியில் இப்போது ஆள் இல்லை என்று ஃபைலில் எழுதிய குமாஸ்தா நான்தான். அதனால்தான் அங்கே என் தங்கை விசாலாட்சிக்கு நிலம் வாங்கித் தர முடிந்தது.

1966, மாசி மாதம். அந்தமானில் மாயாபந்தரிலிருந்து டோங்கி என்கிற சின்னப் படகில் இரண்டு மணி நேரம் போனோம். ஓடையின் இரு பக்கமும் அலையாத்தி மரங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. தங்கையின் மடியில் ஆறு மாதக் குழந்தை ஜெயமணி. படகோட்டி ஜெய்னுதீன், கரையில் கால் வைக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

பட்டப்பகல்தான். ஆனாலும் மரங்களுக்கு அடியில் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. அழுகிய இலையின் வாடை. கொடிகளுக்குள்ளே, இடிந்துபோன வீடுகளின் மண்மேடைகள் வரிசையாகத் தெரிந்தன.

ஐம்பத்து நாலில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த இருபத்திரண்டு குடும்பங்கள். காட்டை வெட்டி, வேர் தோண்டி, நெல் போட்டவர்கள். நாலாம் வருஷ மழையில் காய்ச்சல் வந்தது. கடல் கொந்தளிப்பில் ஆறு வாரம் படகு போகவில்லை. அப்புறம் ஆபீஸிலிருந்து நாங்கள் போனபோது ஒரு அடுப்பிலும் சூடு இல்லை. புதைத்துவிட்டு வந்தோம். 'குடியேறியவர்கள் இடத்தை விட்டுப் போய்விட்டனர்' என்று மேலதிகாரிகள் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வெட்கங்கெட்ட கை. தங்கையிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன்.

"இன்னைக்கு நல்ல நாள்ணே. பால் காய்ச்சிட்டே போயிருவோம்," என்றாள் விசாலாட்சி.

மூன்று கல் கூட்டி, பால்பவுடரைக் கரைத்துப் பொங்கவிட்டாள். கிடந்த சிரட்டைகளைக் கழுவி அதில் ஊற்றினாள்.

"யாருக்கு?"

"அக்கம்பக்கத்துக்குக் குடுக்காம எப்படிண்ணே? இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்கு யாராச்சும் குடி வருவாங்கல்ல. வாசல் வாசலா வச்சிட்டு வாறேன்."

தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடையாகப் போய்வந்தாள்.

"புதுசா வந்திருக்கோம். பால் எடுத்துக்கங்க."

அவள் குரல் கொடிகளுக்கு அப்பால் தேய்ந்து போயிற்று.

அப்புறம் சத்தமில்லை.

தேடிப் போனேன். முதல் மேடையில் இருந்த சிரட்டை காலி.

அடுத்ததும் காலி.

உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை.

கடைசி மேடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை பேரக் கேட்டாங்கண்ணே," என்று மெதுவாகச் சொன்னாள். "சொல்லிட்டேன்."

"யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரங்கதான். அவங்க பிள்ளைகள்லாம் காய்ச்சல்ல போயிருச்சாம். பாவம்."

காய்ச்சலைப் பற்றி நான் அவளிடம் மூச்சே விட்டதில்லை.

"தண்ணி இறங்குது பாபு, ஜல்தி வாங்க," என்று படகிலிருந்தே ஜெய்னுதீன் கூப்பிட்டான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். படகிலேயே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலில் தாயையும் பிள்ளையையும் ஊருக்கு ஏற்றிவிட்டேன். கடல் தாண்டினால் போதும் என்று நினைத்தேன்.

சித்திரையில் அவளிடமிருந்து கடிதம் வந்தது.

'பிள்ளை சுகம். தினமும் விடியும்போது அதன் உள்ளங்காலில் யாரோ மைப்பொட்டு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் மையே கிடையாது. நேற்று ஜெயமணி முதன்முதலாக அம்மா என்றாள். என்னைப் பார்த்து இல்லை, அண்ணே. என் பக்கத்தில் இருந்த யாரையோ பார்த்து.'