எடை பார்க்காத பனி

சென்னையில் குழாயைத் திறந்தால் ஐஸ்லாந்தின் பனி கொட்டிய காலம் அது. பனியுரிப்பான் என்ற இயந்திரங்கள் மலைமேல் ஊர்ந்து பனியைச் சீவும். உருகிய நீரைக் கடலடிக் குழாய் சென்னைக்குக் கொண்டுவரும். நம்மவர்கள் அதில் சாம்பாரும் வைத்தார்கள், பைக்கும் கழுவினார்கள்.

திட்டத்தின் தலைமைப் பொறியாளர் மங்கையர்க்கரசி, ஐஸ்லாந்தில் சாம்பல் மூடிய ஓர் ஆட்டுப்பட்டியின் முன் நின்றாள். எதிரே சிக்ரூன், மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவள். முந்தின நாள் வெடித்த எரிமலை அவள் கணவனைக் கொண்டுபோயிருந்தது.

"ஆயிரம் வருசமாத் தூங்குன மலை. நீங்க வந்தப்புறம் எப்படி முழிச்சுச்சு?"

சிக்ரூனின் கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புக் கருவி மதுரைத் தமிழில் கேட்டது. ஆசைப்பட்டு அந்தப் பேச்சை அதில் ஏற்றியவள் மங்கைதான். இப்போது சொந்த ஊரே கூண்டில் ஏற்றிக் கேட்பது போலிருந்தது.

பதில் அவளுக்குத் தெரியும். பனியின் பாரம்தான் அடியிலிருந்த பாறைக்குழம்பை அமுக்கி வைத்திருந்தது. பாரம் குறைந்ததும், கோலியை உள்ளே தள்ளிய சோடாவைப்போலக் குழம்பில் கரைந்திருந்த வாயு பொங்கிவிட்டது. ஏரி, அணை பார்த்தே பழகிய நீர்த்துறைக்காரர்கள் பனியையும் டி.எம்.சி.யில்தான் அளந்தார்கள். எத்தனை நாளைக்குத் தண்ணீர் என்று பார்த்தார்களே தவிர, மலையிலிருந்து எத்தனை டன் இறங்குகிறது என்று பார்க்கவில்லை. மங்கைக்கு ஒருமுறை சந்தேகம் தட்டியது. கோடையில் குழாய் நின்றுவிடக் கூடாதே என்று அதை விழுங்கிவிட்டாள்.

"நாங்கதான் எழுப்பிட்டோம். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, வாயத் தொறக்கல," என்றாள். சொல்லும்போதே கூனிக் குறுகிப் போனாள்.

சிக்ரூன் பட்டிக் கதவைத் திறந்து சாம்பலை வாரத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

திட்டம் நின்றது, சாம்பல் நிற்கவில்லை. அது வானத்தில் பரவி வெயிலை மறைத்தது. நிலம் சூடேறவில்லை, அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது.

சென்னையிலிருந்து நீர்த்துறைச் செயலர் அருளானந்தம் அழைத்தார். "மேடம், ஜனங்க காலிக் குடத்தோட ரோட்டுல உக்காந்துட்டாங்க. அங்க பக்கத்து மலையில பனி எடுக்க ஆரம்பிங்க."

"சார், அதுக்கு அடியிலயும் எரிமலை இருக்கு. அதுவும் வெடிச்சா மறுபடி மழை போயிடும்."

"குழந்தைங்க தாகத்துல சாகுது மேடம். அவங்ககிட்ட இதைச் சொல்லட்டுமா?"

'சொல்லுங்க' என்று மங்கையால் சொல்ல முடியவில்லை. அடிவாரத்து மக்களை வெளியேற்றிவிட்டு, பனியுரிப்பான்களைக் கிளப்பினாள். இந்த முறை டன்னில் கணக்குப் போட்டிருந்தாள். தெரியாமல் செய்தோம் என்று இனி சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்றார் செயலர்.

"பனி தீர்றதுக்குள்ள மலை வெடிச்சிரும் சார்."

"அப்போ மூணாவது மலையையும் இப்பவே பாத்து வெச்சிடுங்க."

மங்கை வரைபடத்தைத் திறந்தாள்.