இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ்

புது மானிட்டரில் முகம் தெரிந்தது. அதுதான் கோளாறு.

முகம் தெரிந்தால் என்ன என்று கேட்பவர்கள் விளையாட்டு மானிட்டரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பூச்சு பூசிய திரை அது. எதிரில் குழல்விளக்கைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒரு வெள்ளைத் திட்டு விழுமே தவிர, மூக்கும் முழியும் தெரியாது.

"சண்டை நடுவுல என் தோளுக்குப் பின்னாடி ஒரு கிழவன் நிக்கிறான்ணே. நானே தோத்துக்கிட்டிருக்கேன், அதை வேடிக்கை பார்க்க ஒரு ஆளா?" என்று ஜீஜி ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுப் போனாள். தினமும் வந்து தினமும் தோற்பவள். தோற்றதற்குச் சாக்குத் தேடுகிறாள் என்றுதான் ஆர்னெல் நினைத்தான்.

மரிகினா நகரில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையின் மெக்கானிக் அவன். கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய நீளமான அறை. பழைய ஏசியின் ஈர நாற்றமும், கடைக்கார மெர்சி அக்கா கிண்டும் நூடுல்ஸின் மசாலாவும், பத்துப் பதினைந்து மின்விசிறிகளின் ஓயாத முனகலும் கலந்து, வெளியே மத்தியான வெயிலா மழையா என்றுகூடத் தெரியாமல் கிடக்கும். அன்று மழை. கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லை.

கேபிளை மாற்றினான். கிழவர் நின்றார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தான். அதில் கிழவர் இல்லை. அப்படியென்றால் தப்பு கம்ப்யூட்டரில் இல்லை, மானிட்டரில். நிம்மதியாக இருந்தது. விநாடிக்கு இருநூற்று நாற்பது முறை படம் மாற்றுகிற மானிட்டர் அது, கடையிலேயே ஒன்றுதான். அதை மற்ற மானிட்டர்களைப் போல அறுபதுக்கு இறக்கினான். துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாயிற்று. நூற்று நாற்பத்து நாலுக்கு ஏற்றினான். நாற்காலிகளின் மேல் புகை மாதிரி ஏதோ படிந்தது. மறுபடி இருநூற்று நாற்பது.

கிழவர் மட்டுமில்லை.

பின்வரிசை நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆட்கள். பூவேலை செய்த வெள்ளை பாரோங் சட்டை போட்ட ஆண்கள், கையில் ஜெபமாலை சுற்றிய பெண்கள், மூக்கில் பஞ்சு வைத்த ஒரு பையன். சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்திவிடுவார்களே, அந்த உடுப்பு. ஆர்னெல் திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலிகள். திரையைப் பார்த்தான். அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லாப் பக்கம் நகர்ந்து, குரலை இறக்கி மெர்சி அக்காவிடம் சொன்னான். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"நம்ம கடைக்கு யாரு வர்றாங்கன்னு நினைச்சே? எதிர்ல சாவு மண்டபம். அங்க போனவங்க நேரா வீட்டுக்குப் போவாங்களா? ஒட்டிக்கிட்டு வந்தது வீட்டுக்குள்ள நுழைஞ்சிடாதா? அதான் இங்க ஏறி, அரைமணி விளையாடி, உதறிட்டுப் போறாங்க. நம்ம அடுப்பு எரியறதே அதுலதாண்டா."

"உதறினது எங்கக்கா போவும்?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீ வீட்டுக்குப் போறப்ப வழியில எங்கயும் நிக்கிறதில்லையா? நான் தினம் பேக்கரில நின்னுட்டுத்தான் போவேன்."

"நான் என்ன சாவுக்கா வர்றேன்? வேலைக்கு வர்றேன்."

"அதுங்க இத்தனை நாளா உன்னைக் கண்டுக்கல. இப்ப நீ பார்த்துட்டியே," என்றாள். குடையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள். பொல்லாத பொம்பளை.

ஆர்னெலின் வீட்டில் இயா இருந்தாள், எட்டு மாத மகள். குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, போன வாரம்தான் காய்ச்சலிலிருந்து தப்பியவள். அவளிடம் இவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

ஆர்னெல் எழுந்து பார்த்தான். திரையில் எல்லோரும் எழுந்தார்கள். உட்கார்ந்தான். உட்கார்ந்தார்கள். கதவை நோக்கி ஓர் அடி வைத்துத் திரும்பிப் பார்த்தான். வரிசை குலைந்து, அவன் முதுகுக்கு வெகு அருகில் வந்திருந்தார்கள்.

பேக்கரியில் நிற்கலாம். ஆனால் பேக்கரியில் இந்த மானிட்டர் இல்லை. உதிர்ந்தார்களா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? பார்க்காமல் எப்படி வீட்டுக்குள் நுழைவது? மனைவி ரொவேனாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமாட்டேன், கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான். காரணம் கேட்டாள். வைத்துவிட்டான்.

அதுதான் அவன் செய்த தப்பு.

பொழுது சாயும் நேரம் கதவு திறந்தது. மழைக்காற்று. ரொவேனா. ஒரு கையில் சோற்றுப் பொட்டலம். தோளில் இயா.

"எவ இருக்கா உள்ள, எம்புருஷன் வீட்டுக்கு வராம?"

"குழந்தையை ஏன் தூக்கிட்டு வந்தே! வெளிய போ!"

"கத்தாத. பயப்படுறா பாரு."

திரையில் தலைகள் திரும்பின. ஒவ்வொன்றாக. அவனிடமிருந்து குழந்தைக்கு.

"ரொவேனா, சொல்றதைக் கேளு. நேரா வீட்டுக்குப் போகாத. பேக்கரில இறங்கு. எங்கயாவது இறங்கு."

"கொட்டுற மழையில, காய்ச்சல்காரப் பிள்ளையோட, பேக்கரியா? உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கு." சோற்றை மேசையில் வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே அவர்களை ஏற்றிக்கொண்டு டிரைசிக்கிள் ஆட்டோ உறுமியது.

திரையில் கிழவர் கதவைத் தாண்டினார். பெண்கள். பையன். நெருக்கியடித்துக்கொண்டு. பிறகு யாருமில்லை.

காலி நாற்காலிகள்.

அவன் தெருவுக்கு ஓடினான். மழை. டிரைசிக்கிள் போயிருந்தது. போன் அடித்தான். எடுக்கவில்லை. ஓடிக்கொண்டே அடித்தான். எடுக்கவில்லை. வெள்ளம் முழங்கால் வரை. மறுபடி.

எடுத்தாள்.

"வந்து சேர்ந்துட்டோம். கோபமா இருக்கேன், பேசாத."

"இயா?"

"அவளுக்கென்ன, சிரிச்சுக்கிட்டிருக்கா. வாசலைப் பார்த்துக் கையாட்டுறா. விருந்தாளிங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்தா ஆட்டுவோமே, அந்த மாதிரி. இன்னும் நிறுத்தல."

"கதவைச் சாத்து, ரொவேனா! கதவைச் சாத்து!"

"சாத்தித்தானே இருக்கு."